அப்பத்தா பெட்டியில் கிடைத்த படம்: இது என்ன அமெரிக்க பிளசர் கார்?

தேவிபட்டினம் பேரன்

வணக்கம். வீட்டைக் காலி செய்தபோது அப்பத்தாவின் தகரப் பெட்டியில் இந்தப் படம் கிடைத்தது. தாத்தா ஒரு பெரிய காரின் பானெட்டில் கை ஊன்றி நிற்கிறார். தாத்தா டிரைவர், கீழக்கரை முதலாளி ஒருவருக்கு கொழும்பில் கடை இருந்தது, அவருக்குத்தான் பல வருஷம் வண்டி ஓட்டினார், 1964 டிசம்பர் புயலுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். இவ்வளவுதான் வீட்டில் உறுதியாகத் தெரிந்தது. அப்பா இருந்தால் கேட்டிருப்பேன். படம் ராமேஸ்வரத்தில் எடுத்தது, முதலாளியைக் கோயில் பார்க்கக் கூட்டிவந்த அன்று எடுத்தது என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு முஸ்லிம் முதலாளி எதற்குக் கோயில் பார்க்க வரவேண்டும் என்று நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன், யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை.

வண்டியைப் பற்றி: முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் கம்பி. பின் மட்கார்டு தனியாகப் புடைத்து நிற்கிறது. கூரை உயரம். கிரில்லில் பாதியைத் தாத்தாவின் வேட்டி மறைத்துவிட்டது. நம்பர் பிளேட் தெரிகிறது ஆனால் எழுத்து எதுவும் பிடிபடவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது, அதனால் அமெரிக்காவிலிருந்து நேராக வந்த வண்டியோ என்று நினைக்கிறேன். வண்டியின் பெயரும் வருஷமும் தெரிந்தால் போதும், பெரிதாக்கி வீட்டில் மாட்டப்போகிறேன், கீழே சரியான பெயரை எழுதவேண்டும்.

பழைய வண்டி மதுரை

அருமையான படம் தம்பி. முதலில் எது இல்லை என்று தள்ளிவிடுவோம், அதுதான் சுலபம்.

போருக்கு முந்தைய வண்டி இல்லை. 30களின் வண்டியானால் பக்கவாட்டில் ஃபுட்போர்டு நன்றாக வெளியே தெரியும், மட்கார்டு சிறகு போலத் தனியாக வளைந்து போகும். 1942 பிப்ரவரியில் அமெரிக்க ஆலைகள் பொதுமக்களுக்குக் கார் செய்வதை நிறுத்திவிட்டு ராணுவ வேலைக்குப் போய்விட்டன, மறுபடி 45-ல்தான் தொடங்கின. 46, 47, 48 வண்டிகள் பெரும்பாலும் 42-ன் உடம்புக்கு முகத்தை மட்டும் மாற்றியவை. உங்கள் படத்தில் முன் மட்கார்டு கதவோடு கலந்து ஓடுகிறது, ஆக 49-ல் வந்த புது உடம்பு. அந்தப் பக்கத்து எல்லை அது.

இந்தப் பக்கத்து எல்லை முன்கண்ணாடி. இரண்டு துண்டுக் கண்ணாடி என்பதால் 53-க்கு முன். செவர்லே, பிளைமவுத் இரண்டும் 53-ல் ஒரே துண்டு வளைந்த கண்ணாடிக்கு மாறிவிட்டன. அப்படியானால் 49 முதல் 52 வரை.

ஃபோர்டு இல்லை. 49 ஃபோர்டின் பக்கவாட்டு சுவர் போல ஒரே மட்டமாக இருக்கும், பின் மட்கார்டு புடைக்காது, கிரில் நடுவில் ஒரு குண்டு துருத்தும். 51-ல் அது இரண்டு குண்டானது. ஸ்டூடிபேக்கரும் இல்லை, 50, 51 ஸ்டூடிபேக்கரின் மூக்கு விமானத்து மூக்கு மாதிரி, யாரும் தவறவிட முடியாது. போன்டியாக்கானால் பானெட்டின் நடுவில் வெள்ளிக் கோடுகள் வரிசையாக ஓடும், இங்கே இல்லை.

மீதி இருப்பது செவர்லே, அல்லது கிரைஸ்லர் குடும்பத்தில் சின்ன உடம்பு. என் கை இரண்டாவது பக்கம் போகிறது. கூரை உயரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கிரைஸ்லர் தலைவராக இருந்த கே.டி. கெல்லர், தொப்பி போட்டவர் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே உட்காரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர், 49 வண்டிகள் நெட்டையாக வந்ததற்கு அது ஒரு காரணம்.

நம் ஊர்க் கணக்குப்படி நான் சொல்வது டாட்ஜ் கிங்ஸ்வே. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலை 1947 முதல் கிரைஸ்லர் வண்டிகளை உதிரிகளிலிருந்து பூட்டி விற்றது, தென்மாவட்டங்களில் நான் பார்த்தவற்றில் கிங்ஸ்வேதான் அதிகம்.

செவி ரசிகன்

செவர்லே என்று உறுதியாகச் சொல்வேன். படத்தை ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கிப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன். கிரில்லின் நடுப்பட்டையில் பற்கள் எவ்வளவு சுத்தமாகத் தெரிகின்றன பாருங்கள், ஐந்து பல். ஐந்து பல் என்றால் 1952 செவர்லேதான், வேறு பேச்சே இல்லை. 1928-லிருந்தே பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டிக்கொண்டிருந்தது, 54-ல்தான் மூடினார்கள். அந்தக் காலத்து ஜில்லா முழுக்க செவர்லேதான் ஓடியது.

ராம்நாடு ஸ்டுடியோ

மன்னிக்கவும், நான் முப்பது வருஷத்துக்கு மேலாகப் படம் கழுவி, பிரிண்ட் போட்டு, பழைய படங்களைச் சரிசெய்து பிழைக்கிறவன். அந்தத் தெளிவாக்கிய படத்தைத் தயவுசெய்து யாரும் ஆதாரமாக வைக்காதீர்கள். மூலப் படத்தில் அந்த இடத்தில் வெறும் சாம்பல் திட்டு இருக்கிறது. செயலி அதைப் பார்த்து, கார் கிரில்லில் பொதுவாக என்ன இருக்குமோ அதை வரைந்து வைத்திருக்கிறது. பல் ஐந்தும் அது போட்டது. தாத்தாவின் வலது கையில் விரலை எண்ணிப் பாருங்கள், அங்கேயும் வேலை காட்டியிருக்கிறது.

தம்பி, நீங்கள் போட்டது ஃபோனில் எடுத்த படம். ஸ்கேனரில் வைத்து 1200 புள்ளி அடர்த்தியில் எடுங்கள், கருப்பு வெள்ளைதானே என்று நினைக்காமல் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், மங்கிய இடத்தில் மஞ்சளும் பழுப்பும் பிரிந்து விவரம் வெளியே வரும். கூர்மை கூட்டும் எதையும் தொடாதீர்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஒன்றும் எழுதவில்லை என்றாலும் சரி, காகிதக் கம்பெனியின் முத்திரை மங்கலாக இருக்கலாம். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே கூடாது. நம் கடற்கரை ஈரத்துக்குப் படத்தின் மேல் இருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடி மேலாக ஸ்கேன் செய்யலாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தாத்தாவின் சட்டைப் பை எந்தப் பக்கம்?

தேவிபட்டினம் பேரன்

வலது பக்கம். அதனால் என்ன?

ராம்நாடு ஸ்டுடியோ

ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். பொத்தான் பட்டையும் இந்தப் படத்தில் தலைகீழாக மடிந்திருக்கிறது. ஓரத்தில் நிற்கும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பாருங்கள், வலது தோளில் கிடக்கிறது. ஒரு ஆள் விதிவிலக்காக இருக்கலாம், ஒரே படத்தில் எல்லாரும் இருக்க முடியாது. பிரிண்ட் போட்டவர் நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டார். உங்கள் கையில் இருப்பது பழைய பிரிண்டே இல்லை என்று படுகிறது, பிற்காலத்தில் நெகட்டிவிலிருந்து மறுபடி போட்டது. விளிம்பைப் பாருங்கள், பழைய பிரிண்டானால் பெரும்பாலும் ஓரம் நெளிநெளியாக வெட்டியிருக்கும், இது நேர்வெட்டு, காகிதமும் பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம்.

படத்தை இடவலம் மாற்றிப் போடுங்கள். ஸ்டியரிங் வலது பக்கம் வந்துவிடும். நம்பர் பிளேட்டும் அப்போதுதான் படிக்க வரும்.

தேவிபட்டினம் பேரன்

அண்ணே, கை நடுங்குகிறது. மாற்றிப் போட்டு, சொன்னபடி ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். முதல் இரண்டு எழுத்து ஆங்கில இ, ஒய். அதற்கப்புறம் நான்கு இலக்கம், கடைசி இரண்டு தெளிவில்லை. இத்தனை நாளும் கண்ணாடி எழுத்தையா வாசிக்கப் பார்த்தோம்!

பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தையிடம் பேசினேன், அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வண்டி பேச்சை எடுத்ததும் அத்தை சொன்னது: "அது மூக்குல பாய்மரக் கப்பல் வச்ச பிளசருல்ல, எங்கய்யா தெனமும் அந்தக் கப்பலைத்தான் மொதல்ல தொடைப்பாக." ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தால் பானெட் நுனியில் வெள்ளையாக ஏதோ மினுங்குகிறது, கப்பலா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

பழைய வண்டி மதுரை

கப்பலா! உங்கள் அத்தை நீடூழி வாழட்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

கப்பல் என்றால் கிங்ஸ்வே இல்லை. விளக்கமாகச் சொல்கிறேன், இது வெளிநாட்டுப் புத்தகம் வைத்துக் கண்டுபிடிப்பவர்களை அடிக்கடி கவிழ்க்கும் இடம். ஒரே உடம்பை கிரைஸ்லர் ஏற்றுமதிக்கு மூன்று பெயரில் விற்றது. பிளைமவுத் என்று ஒன்று, அதே பிளைமவுத் உடம்புக்கு டாட்ஜ் முகம் வைத்து டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ முகம் வைத்து டிசோட்டோ டிப்ளமேட். அமெரிக்காவுக்குள் விற்ற டாட்ஜும் டிசோட்டோவும் வேறு, பெரிய உடம்பு. அதனால் அமெரிக்கப் புத்தகத்தில் தேடினால் கிங்ஸ்வே, டிப்ளமேட் அகப்படாமலே போகலாம், அங்கே ஓடாத வண்டி எப்படி அந்தப் புத்தகத்தில் வரும்? தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், கிரில்லும் மூக்குச் சின்னமும்தான் பிரித்துக் காட்டும். டாட்ஜின் மூக்கில் ஆட்டுக்கிடா. டிசோட்டோவுக்கு அந்தப் பெயருடைய ஸ்பானிய நாடுகாண் பயணியின் தலை. பிளைமவுத்துக்கு மேஃப்ளவர் கப்பல், 1620-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் துறையிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களின் பாய்மரக் கப்பல். 1928-ல் பிளைமவுத் கார் வந்தபோதே அந்தப் பெயரோடு கப்பலும் வந்துவிட்டது.

படத்தில் தெரியாத சின்னத்தை ஒருவர் ஞாபகத்தில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய ஆதாரம்! அதுவும் தினம் துடைத்தவரின் மகள். நான் அதை நம்புகிறேன். பிளைமவுத், 49 முதல் 52-க்குள்.

இலங்கை நம்பர் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நம் பக்கத்து நம்பர் அல்ல இது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்து வண்டிகளுக்கு மூன்று எழுத்து, எம்-மில் தொடங்கும்.

மன்னார்க் கரை

வணக்கம், இஞ்ச மன்னாரிலிருந்து. அது எங்கட பக்கத்து நம்பர்தான், சந்தேகமே வேண்டாம். சிலோன் என்கிற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் இரண்டிரண்டை எடுத்து இ.ஒய்., சி.என்., இ.எல். என்று அந்தக் காலத்தில் கொடுத்தவர்கள். 1956-57ல் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்த பிறகு அந்த வரிசை நின்றது. அந்த ஸ்ரீ எழுத்தை எதிர்த்து வடக்கு கிழக்கில் போராட்டம் நடந்ததும் தார் பூசியதும் எங்கட வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லுகிற கதை. ஆகவே இந்த வண்டி ஸ்ரீக்கு முன் பதிந்த சிலோன் வண்டி.

இன்னொரு விசயம். பின்னால் இருக்கிற மரத்தை ஒருவரும் கவனிக்கவில்லையே. பனைகளைச் சொல்லவில்லை, பனை இந்தக் கரையிலும் உண்டு அந்தக் கரையிலும் உண்டு. வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறதே, சுவர் மாதிரி அகலமான அடி, அது பெருக்க மரம். ஆப்பிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லுவார்கள். மன்னார் தீவில் அது நிறைய நிற்கிறது, பள்ளிமுனையில் இருக்கிற மரத்தைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். என் எண்ணம், இது ராமேஸ்வரம் இல்லை.

பாம்பன் ரயில்காரர்

நானும் அதையே சொல்ல வந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராமேஸ்வரத்துக்குக் காரில் வந்தார்கள் என்ற பேச்சே இடிக்கிறது. பாம்பன் ரோடு பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதற்கு முன் தீவுக்குள் போக ரயில் பாலம் ஒன்றுதான், 1914-ல் திறந்தது. சாலை மண்டபத்தோடு முடிந்தது. அதற்கு மேல் ஆள் ரயிலில் போகலாம், தோணியில் போகலாம், கார் தானாக உருண்டு போக வழி கிடையாது. வேகனிலோ படகிலோ ஏற்றினால்தான் உண்டு. ஒரு முதலாளி ஒரு நாள் சுற்றிப்பார்க்க அந்தப் பாடு பட்டிருப்பாரா? அதுவும் சிலோன் நம்பர் வண்டியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து?

ஆனால் "ராமேஸ்வரம்" என்ற பேச்சு சும்மா வந்திருக்காது என்றும் நினைக்கிறேன். அந்த நாளில் கொழும்பு வேலைக்காரர்கள் வந்துபோன வழியே அதுதான். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி பியர் (கப்பல் துறைமேடை) வரை ரயில், அங்கிருந்து ஸ்டீமர், அந்தப் பக்கம் தலைமன்னார் பியர், மறுபடி ரயில் கொழும்புக்கு. கோஷன், இர்வின் என்று கப்பல்கள். ஊரில் இருந்த பெண்களுக்கு அந்த வழி முழுவதுமே ராமேஸ்வரம்தான். எங்கள் வீட்டிலும் தலைமன்னாருக்குப் போனவரை "ராமேஸ்வரம் தாண்டிப் போயிருக்காக" என்றுதான் சொல்வார்கள்.

கீழக்கரை வாசி

ஸலாம் எல்லாருக்கும். எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கொழும்பு, காலி, கண்டி என்று எங்கள் ஆட்கள் கடை வைத்திருந்த காலம் அது, கல் வியாபாரம், ஜவுளி, சங்கு. முதலாளி ஊருக்கு வருவதென்றால் சில பேர் கொழும்பிலிருந்து ரயிலில் வராமல் தங்கள் காரிலேயே தலைமன்னார் வரை வந்து கப்பல் ஏறிவிடுவார்கள், டிரைவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோவார் என்று என் வாப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வழியில் மடு, மன்னார் எல்லாம் நிறுத்தித்தான் வருவார்களாம். கோயில் பார்க்க வந்தார் என்ற பேச்சுக்கும் அங்கேயே விடை இருக்கலாம், மன்னார்க் கரையில் திருக்கேதீச்சரம் இருக்கிறதே. டிரைவர் சாமி கும்பிடப் போயிருப்பார், முதலாளி வண்டியில் காத்திருந்திருப்பார், காலப்போக்கில் கதை திரும்பியிருக்கும். எங்கள் பெரியவர்கள் தங்கள் டிரைவரின் வேண்டுதலுக்கு வண்டி நிறுத்தாமல் போகிற ஆட்கள் இல்லை.

ஓரத்தில் நிற்கும் அம்மா யார் தம்பி? டிரைவரின் குடும்பம் கொழும்பில் இருந்ததா?

தேவிபட்டினம் பேரன்

பாய், அது அப்பத்தா இல்லை. அத்தையிடம் காட்டினேன், தாத்தாவின் தங்கை என்கிறார், கொஞ்ச காலம் வீட்டுக்காரரோடு அந்தப் பக்கம் இருந்து பிறகு திரும்பியவர். அவர்களை ரயிலேற்றவோ இறக்கவோ வந்தபோது எடுத்திருக்கலாம் என்கிறார் அத்தை. திருக்கேதீச்சரம் என்று நான் சொன்னதும் "கேதீசுரம், கேதீசுரம், அதான் சொல்லுவாக" என்று இரண்டு தடவை சொன்னார். நான் அந்தப் பெயரை முதலில் சொல்லாமல் கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது, இருந்தாலும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பெட்டியில் அடியில் இன்னொரு படம் இருந்தது, இது பழைய பிரிண்ட், ஓரம் நெளிவெட்டு. அதே வண்டியின் பின்புறம், இரண்டு பையன்கள் பம்பரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இணைத்திருக்கிறேன். சட்டைப் பை இடது பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன்.

பழைய வண்டி மதுரை

இந்தப் படம் வேலையை முடித்துவிட்டது.

51, 52 பிளைமவுத்தை முன்படத்திலேயே தள்ளலாம். அந்த இரண்டு வருஷ வண்டிக்கும் பானெட் தாழ்ந்து அகன்றுவிட்டது, மூக்கு மழுங்கிவிட்டது. உங்கள் வண்டியின் மூக்கு நிமிர்ந்து நிற்கிறது. மீதி 49-ம் 50-ம், உடம்பு ஒன்றே.

இப்போது பின்பக்கம். 49-ல் பின்கண்ணாடி சின்னது, 50-ல் அதை அகலமாக்கினார்கள். பையன்களின் தலைக்கு மேலே கண்ணாடி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். பின் விளக்கும் 50-ல் மட்கார்டில் கீழே இறங்கியது, இங்கே கீழேதான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு முதல் படத்துக்குத் திரும்பி, வேட்டி மறைக்காத பாதி கிரில்லைப் பாருங்கள். 49-ல் பட்டைகள் நெருக்கமாக இருக்கும், 50-ல் கிரில்லை எளிமையாக்கித் தடித்த பட்டையாகப் போட்டார்கள். உங்கள் ஸ்கேனில் தெரிவது தடித்த பட்டை. மூன்று இடமும் ஒரே பதிலைச் சொல்கின்றன: 1950 பிளைமவுத்.

இனி உடம்பின் நீளம். 49 முதல் 52 வரை பிளைமவுத் இரண்டு நீளத்தில் வந்தது, சக்கர மையத்துக்கும் சக்கர மையத்துக்கும் நடுவே 111 அங்குலம் ஒன்று, 118.5 அங்குலம் ஒன்று. நான்கு கதவு வண்டி நீளமான வகை. உங்கள் படத்தில் பின்கதவின் கைப்பிடி தெரிகிறது, அதனால் 118.5. நேர் பக்கவாட்டுப் படமாக இருந்தால் டயரின் உயரத்தை அளவுகோலாக வைத்து இதைச் சரிபார்க்கலாம், அந்த டயர் சுமார் 28 அங்குலம், நீள வண்டியில் இரு சக்கர மையங்களுக்கு நடுவே நாலேகால் டயர் அளவு வரும், குட்டை வண்டியில் நாலுக்குச் சற்றுக் குறையும். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், தப்பாகத்தான் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால் இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

எஞ்சின் 217.8 கன அங்குலம், நம் கணக்கில் 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், வால்வுகள் பக்கவாட்டில். 97 குதிரைச் சக்தி. வேகமான வண்டி இல்லை, ஆனால் மிகவும் உழைக்கும், மோசமான ரோட்டிலும் மோசமான பெட்ரோலிலும் ஓடும். மூன்று கியர், கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில். கொழும்பிலிருந்து தலைமன்னார் வரை ஒரு டிரைவர் நம்பிக்கையோடு எடுத்துப் போகிற வண்டி.

பிரிட்டிஷ் பக்கத்து நாடுகளுக்குப் போன வலது ஸ்டியரிங் வண்டிகள் நிறைய கனடாவில் வின்ட்சர் ஆலையிலிருந்து வந்தன. ஆக "அமெரிக்கன் பிளசர்" என்று உங்கள் வீட்டில் சொன்னது கனடாவில் பூட்டியதாகவும் இருக்கலாம். பெயர் மாறாது, அதனால் நீங்கள் எழுதப்போவதில் சிக்கல் இல்லை.

செவி ரசிகன்

பின்படம் பார்த்தேன். பிளைமவுத்தேதான், செவர்லேயின் டிக்கி இப்படி இறங்காது, இன்னும் உருண்டு போகும். தம்பி, தாத்தா கூலிங்கிளாஸோடு நிற்கும் தோரணை எந்த வண்டிக்கும் பொருந்தும்.

தேவிபட்டினம் பேரன்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. "1950 பிளைமவுத், சிலோன் பதிவு, மன்னார்க் கரை" என்று எழுதப்போகிறேன். ராமேஸ்வரம் என்பதை எடுத்துவிடவா என்று அத்தையிடம் கேட்டேன், "எடுத்துரு, எங்கய்யா எங்க நின்னாகளோ அதைப் போடு" என்றார். ஸ்டுடியோ அண்ணே, எழுதுவது எதனால்? பேனாவா?

ராம்நாடு ஸ்டுடியோ

பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். பழைய பிரிண்டின் பின்னால் மிருதுவான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள், படத்தில் இருப்பவர்களின் பெயர் முதலில், வண்டி பெயர் அப்புறம். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது, அதை ஒரு காகித உறையில் போட்டு உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். அந்தத் தகரப் பெட்டியில் மறுபடி வைக்காதீர்கள், கடற்காற்றுக்குத் துரு இறங்கும். மாட்டுவதற்கு ஸ்கேனிலிருந்து புதுப் பிரிண்ட் போடுங்கள், இடவலம் திருத்தியதை. மூலப் பிரிண்டைச் சுவரில் மாட்டி வெயில் படவிடாதீர்கள். நெகட்டிவ் யாரிடமாவது இருக்கிறதா என்று சொந்தக்காரர்களிடம் விசாரியுங்கள், மறுபிரிண்ட் போட்டிருக்கிறார்கள் என்றால் பிற்காலம் வரை அது யார் கையிலோ பத்திரமாக இருந்திருக்கிறது.

தேவிபட்டினம் பேரன்

தாத்தா தங்கையின் மகன் வீடு தொண்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

கீழக்கரை வாசி

தம்பி, போய்வந்து எழுதுங்கள். முதலாளி எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், பொதுவில் வேண்டாம், அவர்கள் வீட்டு ஆல்பத்திலும் இந்த வண்டி இருக்கக்கூடும், நான் விசாரித்துத் தருகிறேன்.

மதுரை சார், ஒரு சந்தேகம். எங்கள் வாப்பும்மா வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது, அதில் பானெட்டின் பக்கவாட்டில் மூன்று ஓட்டை வரிசையாகத் தெரியும். அது என்ன வண்டி?

பழைய வண்டி மதுரை

பாய், முன் மட்கார்டுக்கு மேலே வட்டமாக வரிசை என்றால் ப்யூக், 1949 அல்லது அதற்குப் பிறகு. மூன்று ஓட்டை என்றால் ஸ்பெஷல் அல்லது சூப்பர், நான்கு என்றால் பெரும்பாலும் ரோட்மாஸ்டர். ஓட்டை வட்டமா நீள்வட்டமா என்று பாருங்கள், முன்கண்ணாடி எத்தனை துண்டு என்றும் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து தனி இழையாகப் போடுங்கள், இங்கே சேர்த்தால் இரண்டு குடும்பக் கதையும் கலந்துவிடும்.